நாலு ஸ்பிரிங்

என் எழுத்து மேஜையின் மேல் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு வால்வை வைத்திருக்கிறேன். மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குள் இருக்கிற வால்வு. காளான் மாதிரி ஒரு தலை, அதிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு காம்பு. தலையைக் கீழே வைத்தால் நன்றாக நிற்கும். காம்பு நேராக இருக்க வேண்டும். இதில் தலையை ஒட்டிய இடத்தில் கொஞ்சம் கோணியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார்கள். ஒரு நண்பர், ஏதோ இலக்கிய விழாவில் கொடுத்த நினைவுச் சின்னம் என்று நினைத்துக்கொண்டு, எந்த ஊரில் கொடுத்தார்கள் என்று விசாரித்தார். "புல்லட் வால்வு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காப்பிக்குக் குரல் கொடுப்பேன். மீதியைச் சொன்னதில்லை. சொன்னால் நான் இந்த மேஜையில் உட்கார்ந்து செய்கிற தொழிலைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

புல்லட் என் அப்பாவுடையது. கோயமுத்தூரில் ஒரு மில்லில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர் 1974ல் வாங்கினார். நான் பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்ட ஜீவன் அது. ஆகவே, வயதில் மூத்தது என்ற மரியாதையை நான் அதற்கு எப்போதும் கொடுத்து வந்திருக்கிறேன், பக்கத்தில் போனதில்லை. கல்லூரியில் இரண்டாவது வருஷத்தோடு நின்றவன் நான். அந்த இரண்டு வருஷமும் பௌதிக வகுப்பில் கடைசி பெஞ்சில் கதை எழுதிக்கொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அப்பா காலமான பிறகு வண்டி தாழ்வாரத்தில் பல வருஷம் சாக்குப் போர்த்திக்கொண்டு கிடந்தது. என் அக்கா மகன்தான் அதை எழுப்பினான்.

எழுப்பியதோடு விட்டிருக்கலாம். பையனுக்கு அப்போது 23 வயது. 2018 ஆரம்பத்தில் ஒரு நாள் வந்து, "மாமா, இதுக்கு ரேஸ் கேம் போடலாமுங்க" என்றான்.

கேம் என்றால் என்ன என்று நானும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். எஞ்சின் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்க ஒரு கதவு, புகையை வெளியே தள்ள ஒரு கதவு. அந்தக் கதவுகள்தான் வால்வுகள். அவற்றை எப்போது திறப்பது, எவ்வளவு உயரம் திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதைத் தீர்மானிப்பது கேம். உருண்டையாகப் பிடித்த கொழுக்கட்டையை ஒரு பக்கம் மட்டும் விரலால் இழுத்துவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் அதன் வடிவம். அது சுற்றும்போது, நீண்டிருக்கிற பக்கம் டேப்பெட்டைத் தூக்கும். டேப்பெட் ஒரு கம்பியைத் தூக்கும். கம்பி மேலே ராக்கரைத் தள்ளும். ராக்கர் வால்வை அமுக்கித் திறக்கும். எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. கார்களில் கேம்கள் தண்டில் வரிசையாக இருக்கும், அதைத்தான் கேம் ஷாப்ட் என்பது. பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டில் தண்டு கிடையாது. இரண்டு பல்சக்கரங்கள், ஒவ்வொன்றோடும் ஒட்டிப் பிறந்த ஒரு கேம். வேலை ஒன்றுதான்.

கொழுக்கட்டையின் மூக்கைக் கொஞ்சம் உயர்த்தி, கொஞ்சம் அகலப்படுத்தினால் வால்வு அதிகம் திறக்கும், அதிக நேரம் திறந்திருக்கும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது மூச்சு முட்டாது. அதுதான் ரேஸ் கேம். அப்பாவின் வண்டி 346 சி.சி., கம்பெனிக் கணக்கில் 18 குதிரைச் சக்தி. அந்தக் குதிரைகள் நிதானமானவை. அவற்றுக்கு இன்னும் இரண்டு மூன்று தோழர்களைச் சேர்த்துவிட வேண்டும் என்பது பையனின் ஆசை. இதற்கு விலை உண்டு. மெதுவாகப் போகும்போது எஞ்சின் முன்போல் சாதுவாக இருக்காது, இழுவை மேல் வேகத்துக்குப் போய்விடும். இதையும் அவன் சொல்லத்தான் செய்தான். நான் தலையாட்டினேன். பையன்கள் ஆசைப்படுவதைச் செய்து கொடுப்பதற்குத்தானே தாய்மாமன் என்று ஒருவனை வைத்திருக்கிறார்கள்.

முதலில் அவனே உக்கடத்தில் எங்கேயோ பிடித்து, பழைய கேமை அரைத்து உருமாற்றியது என்று ஒரு ஜோடியை மலிவாக வாங்கி வந்தான். அதை எடுத்துக்கொண்டு சிங்காநல்லூரில் மேஸ்திரியின் பட்டறைக்குப் போனோம்.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போதே எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள், காக்கி அரைக்கால் சட்டை, நெற்றியில் திருநீறு. அப்பாவின் வண்டியை 1980களிலிருந்து பார்த்து வந்தவர். இளம் வயதில் சோழவரம் பந்தயங்களுக்கு யாரோ ஒரு பெரிய வீட்டுப் பிள்ளையின் வண்டியோடு லாரியில் ஏறிப் போனவர். சென்னைக்கு வடக்கே இரண்டாம் உலகப் போரின்போது விமானம் இறங்குவதற்காகப் போட்ட ஓடுதளம் அது. அங்கேதான் அந்தக் காலத்தில் மோட்டார்ப் பந்தயங்கள் நடக்கும். பிற்பாடு இருங்காட்டுக்கோட்டையில் தனியாகப் பாதை போட்ட பிறகு சோழவரம் பழங்கதையாகிவிட்டது. மேஸ்திரிக்கு மட்டும் ஆகவில்லை. "சோழவரத்துல" என்று ஆரம்பித்தாரானால் கையிலிருக்கிற ஸ்பானர் கீழே இறங்கிவிடும்.

அவர் அந்தக் கேமை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு ஒரு சின்ன அரத்தை எடுத்து அதன் மூக்கில் லேசாக ஒரு இழுப்பு இழுத்தார். அரம் வழுக்கவில்லை, கடித்தது. பளிச்சென்று ஒரு கீறல்.

"தம்பி, பாத்தீங்களா? இதுக்கு மேலாப்புல ஒரு தோல் உண்டுங்க. அதுதான் கெட்டி. உள்ளாற பூரா சாதா இரும்பு. அரைச்சவன் தோல உரிச்சுப் போட்டான். ஆயிரம் மைல் தாங்காது."

கேம் கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மேஸ்திரிக்கே கண்ணில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. சோழவர வெளிச்சம். சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் போன வாரத் தாள்கள் நாலைந்தைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்.

"கேம் மட்டும் மாத்தறதுன்னு ஒண்ணு கிடையாதுங்க. அது மருமகள் மாதிரி. அவ வந்தா அடுப்புலருந்து மாத்தோணும்."

கேம் இரண்டு. புதுக் கேமுக்குப் பழைய டேப்பெட் ஆகாது, தேய்ந்த அடிப்பாகம் புதியதையும் தின்றுவிடும். ஆகவே டேப்பெட் இரண்டு, அதன் கைடுகள். புஷ் ராட் இரண்டு. உயரக் கேமினால் பலன் வேண்டுமானால் எஞ்சினுக்குள் அழுத்தமும் கூட வேண்டும், அதற்குத் தலை உயர்ந்த பிஸ்டன் ஒன்று. ஹெட் காஸ்கெட். பல்சக்கரம் முன்னும் பின்னும் ஆடாமல் இருக்க மெல்லிய ஷிம்கள். கார்புரேட்டருக்கு அடுத்த இரண்டு அளவு ஜெட். கடைசியாக வால்வு ஸ்பிரிங் நாலு. வால்வுக்கு இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. இதற்குப் பக்கத்தில் மட்டும் இத்தனை உயரத்துக்கு அமுக்கினால் இத்தனை கிலோ தாங்க வேண்டும் என்று எண் எழுதி, இரண்டு கோடு போட்டார்.

"மத்ததுல முன்னப்பின்ன இருந்தாச் சரி பண்ணிக்கலாமுங்க. ஸ்பிரிங்கு மட்டும் தராசுல பாக்காம வாங்காதீங்க."

இந்தக் காலண்டர்த் தாளை வைத்துக்கொண்டு நாங்கள் ஐந்து மாதம் அலைந்தோம். பையனுக்கு உத்தியோகம், விடுமுறையில்லை. வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு வேலை என்று ஒன்று இருப்பதாக எந்தக் குடும்பத்திலும் ஒப்புக்கொள்வதில்லை. அதனால் அலைச்சலில் பெரும்பங்கு எனக்கு.

கேம் இங்கிலாந்திலிருந்து வர வேண்டியிருந்தது. இதில் ஒரு வேடிக்கை. ரெட்டிச் என்ற ஊரில் இந்த வண்டியைச் செய்துகொண்டிருந்த தொழிற்சாலை 1967லேயே மூடப்பட்டுவிட்டது. நம் திருவொற்றியூரில் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் இதே இரும்பு எஞ்சினைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் நல்ல பந்தயக் கேம் வேண்டுமென்றால் சீமைக்குத்தான் எழுத வேண்டும். பழைய வண்டியின் மேல் உயிரை வைத்திருக்கிறவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். ஆறு வாரத்தில் சுங்க வரியோடு வந்து சேர்ந்தது. எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்து மேஸ்திரி அரத்தால் இழுத்தார். கண்ணாடி மேல் நகம் போவதுபோல வழுக்கிக்கொண்டு போயிற்று. அவர் அந்த அரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாததுதான் பாக்கி.

ஸ்பிரிங்கும் அங்கேயே கேட்டிருந்தோம். கையிருப்பில்லை, எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை என்று பதில் வந்தது.

டேப்பெட்டுக்காகச் சென்னைக்குப் போனேன். ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடை. கல்லாவில் இருந்த பெரியவர், டப்பாவிலிருந்து எடுத்த டேப்பெட்டின் அடிப்பாகத்தைக் கட்டைவிரல் நகத்தால் தடவினார். நாலாவதில் நகம் நின்றது. "இது வேணாம் சார்" என்று உள்ளே தள்ளிவிட்டு ஐந்தாவதைத் தடவினார். நான் கேட்கவில்லை, தடவித்தான் கொடுக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் அவருக்கு இல்லை. எனக்கும் நகம் இருக்கிறதே என்று நானும் தடவிப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. புஷ் ராட் அங்கேயே கிடைத்தது. பிஸ்டன் கோயமுத்தூரிலேயே அகப்பட்டது. ஜெட் இரண்டு அளவிலும் புதுப்பேட்டையில், ஒரு சந்தின் கடைசியில், சைக்கிள் கேரியரில் பலகை போட்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு பையனிடம் கிடைத்தன. புதுப்பேட்டைக்குப் போகாதவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஓடிய வண்டிகள் எல்லாம் கடைசியில் உறுப்பு உறுப்பாகப் பிரிந்து, தத்தம் இனத்தோடு சேர்ந்து, கதவுகள் கதவுகளோடும் கண்ணாடிகள் கண்ணாடிகளோடும் உட்கார்ந்திருக்கிற தெருக்கள்.

ஒவ்வொன்றாக ஒரு பிஸ்கட் டின்னில் சேர்ந்தது. மேஸ்திரி அதைத் தன் அலமாரியின் மேல்தட்டில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். நான் போகும்போதெல்லாம் டின்னை இறக்கி, துணியை விரித்து, எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்பிரிங்கு?" என்பார். நான் உதட்டைப் பிதுக்குவேன். மறுபடி எல்லாம் டின்னுக்குள் போகும். அந்தத் துணியில் கடைசி இடத்தில் நாலு ஸ்பிரிங்குக்காக அவர் விட்டு வைக்கிற காலி இடம் எனக்குக் கனவில்கூட வர ஆரம்பித்தது.

அக்டோபரில் ஒரு புத்தக வேலையாகச் சென்னைக்குப் போனேன். நாள் முழுதும் மழை. பதிப்பாளரோடு பேசி முடித்து, இரவு சேரன் எக்ஸ்பிரஸுக்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது மறுபடி கடைகளில் ஏறி இறங்கினேன். ஏழாவது கடையோ எட்டாவதோ. கடைக்காரர் ஒரு பொட்டலத்தை எடுத்துப் போட்டார்.

"இது கம்பெனி ஸ்பிரிங்தான் சார். ரேஸ் ஸ்பிரிங் இல்லை. உயரம், சுத்தளவு எல்லாம் ஒண்ணுதான். ஆனா நீங்க சொல்ற எடை தாங்காது."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் சொல்ல முடியாது. அவர் மேல் ஒரு குறையும் இல்லை. நான்தான் அதை வாங்கினேன். நனைந்த செருப்பு, ஐந்து மாத அலைச்சல், ஒரு சாமானைக்கூட வாங்கத் தெரியாத ஆள் என்று பையன் வாய்விட்டுச் சொல்லாமல் பார்க்கிற பார்வை. ஒரே உயரம், ஒரே சுற்றளவு. பார்ப்பதற்கு ஒன்றுதானே என்று தோன்றியது. ரயிலில் படுத்துக்கொண்டு, கம்பெனிக்காரன் என்ன மட்டமாகவா செய்திருப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

காலையில் நேராகப் பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி பொட்டலத்தைப் பிரித்தார். முகம் மலர்ந்தது. வழக்கமாக ஸ்பிரிங்கை அவரேதான் எடை பார்ப்பார். துளைபோடும் யந்திரத்தின் மேடையில் ஒரு தராசை வைத்து, அதன் மேல் ஸ்பிரிங்கை நிறுத்தி, மேலிருந்து யந்திரத்தின் கைப்பிடியால் குறித்த உயரத்துக்கு அமுக்கி, தராசின் முள்ளைப் பார்ப்பார். தராசு அடுத்தாற்போலிருந்த பழைய பேப்பர் கடையிலிருந்து வர வேண்டும். கடைக்காரர் ஊருக்குப் போயிருந்தார். வர நாலு நாள் ஆகும்.

"எடை பாத்தாங்களா தம்பி?"

"பார்த்துட்டாங்க. நான் பக்கத்திலேயே நின்னேன்."

"எவ்வளவு காட்டுச்சு?"

இந்த இடத்தில் சாதாரண மனிதனாக இருந்தால், அவர் எழுதிக் கொடுத்த எண்ணை அப்படியே ஒப்பித்திருப்பான். நான் இருபது வருஷமாகக் கதை எழுதுகிறவன். கணக்காக அதே எண் என்றால் சந்தேகம் வரும் என்று எனக்குத் தெரியும். அரைக் கிலோ கூட்டிச் சொன்னேன். "ஒண்ணு மட்டும் கொஞ்சம் கம்மியாக் காட்டிச்சு, அதை மாத்தி வாங்கிட்டேன்" என்று வேறு சேர்த்தேன்.

"பரவால்லையே!" என்றார் மேஸ்திரி. அன்றைக்கே எஞ்சினைப் பிரித்தார்.

அந்த இரண்டு நாள் வேலையை நான் முழுக்கக் கூட இருந்து பார்த்தேன். பையன் தன் பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்ஸைத் துழாவிக் கோணமானி எடுத்து வந்தான். மேஸ்திரி சிரித்து, தன் பெட்டியிலிருந்து முழு வட்டத்துக்கும் பாகை குறித்த ஒரு தகட்டை எடுத்து எஞ்சின் தண்டில் மாட்டினார். எந்தப் பாகையில் வால்வு திறக்கிறது, எதில் மூடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லப் பையன் எழுதிக்கொண்டான். பிறகு, குழந்தைகள் பொம்மை செய்கிற களிமண்ணைக் கொஞ்சம் எடுத்து, எண்ணெய் தடவிய பிஸ்டன் தலையில் அப்பினார். தலையைப் பூட்டிக் கையால் இரண்டு சுற்று மெதுவாகச் சுற்றி, மறுபடி கழற்றினார். களிமண்ணில் இரண்டு வால்வுகளும் பிறை பிறையாகப் பதிந்திருந்தன. பிளேடால் அறுத்து, மெலிந்த இடத்தை வெர்னியரால் அளந்தார். உள்ளே இழுக்கிற வால்வுக்கு ஒன்றரை மில்லிமீட்டர், புகை வால்வுக்கு இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி குறையக் கூடாது என்பது அவர் கணக்கு. இரண்டும் சரியாக இருந்தன. மேஸ்திரி மூன்று தடவை அளந்தார்.

கிளப்பியபோது சத்தம் வேறாக இருந்தது. அப்பாவின் வண்டி நின்றுகொண்டிருக்கும்போது, வயதானவர் திண்ணையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவதுபோல இருக்கும். இது பொறுமையில்லாமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. கொஞ்சம் முறுக்கியதும் ஒரே சீராகப் பிடித்துக்கொண்டது. பையன் ஒரு சுற்றுப் போய்வந்து இறங்கினான், பேச்சு வரவில்லை. மேஸ்திரியின் காலைத் தொட்டான். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு நாலு ஸ்பானரைத் தேவையில்லாமல் துடைத்தார். நானும் சந்தோஷப்பட்டேன். அந்த ஸ்பிரிங் விஷயத்தை நிஜமாகவே மறந்துபோயிருந்தேன் என்றால் நம்புவீர்களா? நான் கட்டிய கதைகளை நானே நம்பிவிடுவது எனக்குப் பழக்கந்தான்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பல்லடம் சாலையில், நேரான ஒரு இடத்தில், பையன் முதல் தடவையாக முழு முறுக்கு முறுக்கினான். ஸ்பிரிங்கின் வேலை வால்வைக் கேமோடு ஒட்டியபடியே திரும்ப இறக்குவது. புதுக் கேமின் சரிவு செங்குத்தானது. வேகம் கூடக் கூட, பலமில்லாத ஸ்பிரிங்கால் அந்தச் சரிவோடு இறங்கி வர முடியாது. வால்வு ஒரு கணம் அந்தரத்தில் நின்றுவிடும். கையால் சுற்றிக் களிமண்ணில் பார்க்கும்போது இது தெரியாது. மேலே வருகிற பிஸ்டனுக்குத்தான் தெரியும். புகை வால்வு வளைந்தது, எஞ்சின் இறுகியது, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. பையன் கிளட்சைப் பிடித்தும் வண்டி படுத்துவிட்டது. பின்னால் வந்த லாரி பத்தடியில் நின்றது. லாரிக்காரர் இறங்கி வந்து அவனைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுப் பிறகு திட்டினாராம். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. முழங்காலில் தோல் இல்லை. அக்கா ஆஸ்பத்திரியில் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "பத்தடி" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

மேஸ்திரி எஞ்சினைத் திறந்தார். வளைந்த வால்வையும் பிஸ்டன் மேல் இருந்த தழும்பையும் வெகுநேரம் பார்த்தார்.

"என் தப்புங்க தம்பி. களிமண்ணுல கண்ணு ஏமாத்திப் போட்டுது. ரெண்டுன்னு நெனச்சது ஒண்ணாத்தான் இருந்திருக்கும்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் பையன் கட்டுப் போட்ட கையோடு நின்றுகொண்டிருந்தான். வாய் திறந்தேன், "பரவாயில்லீங்க மேஸ்திரி" என்றுதான் வந்தது. நான் மன்னித்தேன்! அவர் உள்ளே போய், வாங்கிய கூலியை எண்ணிக் கொண்டுவந்து என் சட்டைப் பையில் வைத்தார். எவ்வளவு சொல்லியும் திரும்ப வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்த நோட்டுகளை ஒரு புத்தகத்துக்குள் வைத்தேன். செலவு செய்யவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கக் காரணம் சொல்லவும் முடியவில்லை.

எட்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன் என்பது நான் எல்லாரிடமும் சொன்ன காரணம். 2019 ஜூலையில் ஒரு நாள் சிங்காநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, பட்டறை வழியாக நடந்தேன். மேஸ்திரி வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ஸ்கூட்டருக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார். உள்ளே அவருடைய உதவியாள் பையன் ஒரு எஞ்சினைப் பிரித்து வைத்திருந்தான்.

"வாங்க தம்பி. எஞ்சினெல்லாம் இப்ப அவந்தான் பாக்கறானுங்க. நம்ம கண்ணு ஆகாது. ஆஸ்பத்திரியில காட்டினேன், புரை கொஞ்சந்தான், ஒண்ணும் அவசரமில்லீன்னாங்க. அவங்களுக்கென்ன தெரியும்?"

உள்ளேயிருந்து பையன் எதையோ கேட்டான். மேஸ்திரி எழுந்து போய் வெர்னியரை எடுத்து ஒரு தண்டின் மேல் பிடித்தார். பிறகு, பிடித்தபடியே அதைப் பையன் முகத்துக்கு நேரே நீட்டி, "எவ்வளவுடா? படி" என்றார்.

நான் சொல்லிவிட்டேன். நின்ற இடத்திலேயே, அந்தப் பையன் எதிரிலேயே. கடைக்காரர் சொன்னது, நான் வாங்கியது, எடை பார்க்காதது எல்லாம். சொல்லும்போது வார்த்தைகளைக் கொஞ்சம் அழகாக அடுக்கிவிடாமல் இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினார். ஸ்பிரிங்குகளை எடுத்தார். பையனைப் பேப்பர் கடைக்கு அனுப்பித் தராசை வரவழைத்தார். துளை யந்திரத்தின் மேடையில் வைத்து, ஸ்பிரிங்கை நிறுத்தி, கைப்பிடியை இறக்கினார்.

"படிங்க."

படித்தேன்.

"சத்தமாப் படிங்க."

காலண்டர்த் தாளில் எழுதியிருந்ததில் முக்கால் பங்குகூட இல்லை. நாலையும் நிறுத்தி நாலையும் என்னைப் படிக்கவைத்தார்.

"எட்டு மாசமா," என்றார், "சாப்பாட்டுத் தட்டுல சோறு எங்க இருக்குதுன்னுகூட சந்தேகமாப் போச்சுங்க எனக்கு."

அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்:

"அன்னிக்கு அரைக் கிலோ சேத்திச் சொன்னீங்களே, அது எதுக்குங்க?"

"சரியா அதே எண்ணைச் சொன்னா நீங்க நம்பமாட்டீங்கன்னு."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். கோபம் இருந்தது; அதை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. "அந்த அரைக் கிலோவுலதானுங்க நான் நம்புனேன்" என்றார்.

அன்று சாயங்காலமே அக்கா மகனிடமும் சொன்னேன். அவன் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டு கேட்டான். இரண்டு நாள் போன் பண்ணவில்லை. மூன்றாம் நாள், "மாமா, இங்கிலாந்துல அந்த ஸ்பிரிங் இப்பக் கிடைக்குதாம். பணம் நீங்க கட்டிருங்க" என்று செய்தி அனுப்பினான். கட்டினேன். ஒரு வால்வு, ஒரு பிஸ்டன், காஸ்கெட் எல்லாவற்றுக்கும் சேர்த்து. மேஸ்திரி திருப்பிக் கொடுத்த கூலியை அதே நோட்டுகளாகக் கொண்டுபோனேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். சாமான்களுக்குப் புதிதாகக் காலண்டர்த் தாளில் எழுதிக் கையில் கொடுக்கும்போது, "வாங்கறதுக்கு உங்க அக்கா மகன அனுப்புங்க. நீங்க அலைய வேண்டாம்" என்றார் மரியாதையாக.

ஏழு வாரத்தில் ஸ்பிரிங் வந்தது. பையன் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தான். எடை அட்டையிலேயே அச்சிட்டிருந்தது. இருந்தும் தராசு வந்தது. உதவியாள் பையன் அன்று வரவில்லையாதலால், எனக்கு விளக்கைப் பிடிக்கிற உத்தியோகம் கிடைத்தது. நாலும் சரியாக இருந்தன. பிறகு களிமண் வைத்து, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, கழற்றி, பிளேடால் அறுத்தார்கள். மேஸ்திரி வெர்னியரை எடுத்தார். அக்கா மகன் படிப்பதற்காகக் குனிந்தான். மேஸ்திரி அவனைக் கையால் விலக்கிவிட்டு, "வெளக்க இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க" என்று என்னிடம் சொல்லி, தானே கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்தார்.

"ரெண்டு. ரெண்டே காலுன்னுகூடச் சொல்லலாம். வேண்டாம், ரெண்டுன்னே எழுது."